லைட்ஸ் பில்லை ஒரே ஒரு முறை ஆன்லைனில் கட்டுவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் தன் வீட்டு லைட்ஸ் பில்லை, அதாவது மின் கட்டணத்தை, ஆன்லைனில் கட்டுகிறவருக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. அவருடைய ஆப்பில் எல்லாம் பதிந்து கிடக்கும். தொகையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. திணறுவது ஒரே ஒரு தடவை கட்ட வேண்டியவர்தான். சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கும் பெரியம்மா, "தம்பி, இந்த மாசம் லைட்ஸ் பில்லை நீயே கட்டிடுப்பா" என்று போனில் சொல்லியிருக்கலாம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கடைசியாக வந்த பில்லை முடிக்க வேண்டியிருக்கலாம். சென்னையிலிருந்து ஒப்பந்த வேலைக்கு ஜோகன்னஸ்பர்க் வந்து இறங்கிய முதல் மாதமாகவும் இருக்கலாம்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மின் இணைப்பு எண்ணைப் போட்டதும் பெயரும் பாக்கியும் திரையில் தானாக வந்து நிற்கும். இங்கே வங்கி ஆப்பில் பெரும்பாலும் அப்படி எதுவும் வராது. யாருக்கு, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்ற மூன்றையும் நீங்களேதான் தட்டச்சு செய்ய வேண்டும். தவறாகத் தட்டினாலும் வங்கி பேசாமல் பணத்தை அனுப்பிவிடும். எல்லோரும் மாநகராட்சியின் ஒரே வங்கிக் கணக்கில்தான் பணம் போடுகிறார்கள். அது யாருடைய பில்லுக்கு வந்த பணம் என்று காட்டுவது நீங்கள் கொடுக்கும் ரெஃபரன்ஸ் எண் மட்டுமே. அந்த எண் இல்லாத பணம், முகவரி எழுதாமல் தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி. அதனால் கீழே வரும் படிகளில் பாதி, அந்த ஒரு எண்ணைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றியதுதான்.

முதல் படி: யாருக்குக் கட்டுகிறோம்?

கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பலர் தடுமாறும் இடம் இது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை எஸ்காம் தயாரிக்கிறது. வீட்டுக்கு விற்பது எல்லா ஊரிலும் எஸ்காம் அல்ல. டர்பன் நகரத்திலும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் போன்ற பகுதிகளிலும் பில் எதெக்வினி மாநகராட்சியிடமிருந்து வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றால் ம்சுண்டூசி மாநகராட்சி. பிரிட்டோரியாவின் லாடியம் என்றால் ஷ்வானே மாநகராட்சி.

ஜோகன்னஸ்பர்க்தான் குழப்பமான ஊர். நகரத்தின் பெரும்பகுதிக்கு மாநகராட்சியின் சிட்டி பவர் மின்சாரம் தருகிறது. ஆனால் சாண்ட்டனுக்கும் சொவேட்டோவுக்கும் எஸ்காம் நேரடியாகவே தருகிறது. சாண்ட்டனில் குடியிருப்பவருக்கு மின்சாரத்துக்கு எஸ்காமிடமிருந்து ஒரு பில்லும், தண்ணீர், வீட்டு வரி, குப்பை ஆகியவற்றுக்கு மாநகராட்சியிடமிருந்து இன்னொரு பில்லும் வரும். ஒன்றின் எண்ணைப் போட்டு மற்றதற்குப் பணம் அனுப்பினால் இரண்டு இடத்திலும் பாக்கி நிற்கும். பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

மூன்றாவதாக ஒரு நிலைமையும் உண்டு. காம்ப்ளெக்ஸ், ஃபிளாட் இவற்றில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு மாநகராட்சியோடு நேரடிக் கணக்கே இருக்காது. பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். அவர் ஒரு தொகையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அப்போது நீங்கள் கட்டுவது மின் கட்டணம் அல்ல, வீட்டுக்காரருக்குத் தரும் பணம். மூல பில்லின் பிரதியைக் கேட்டு வாங்கிவிட்டு அனுப்புங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வாடகையையும் மின் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் மாநகராட்சிக்குக் கட்டாமல் விட்ட கதைகள் இந்த நாட்டில் நிறைய. அப்படி ஒரு ஜோகன்னஸ்பர்க் கட்டட விவகாரத்தில் 2009-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் கணக்குதாரருக்கு மட்டுமல்லாமல் குடியிருப்பவர்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. கணக்கு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பது பிரீபெய்ட் மீட்டர் என்றால் கதையே வேறு. அதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

இரண்டாவது படி: பில்லைப் படிப்பது

பில் கையில் இருந்தால் நல்லது. பெரியம்மாவிடம் கேட்டால் பழைய பில்லின் மங்கலான போட்டோ ஒன்று வரும். அதை வைத்துக் கட்டாதீர்கள். பில்லை மேசையில் விரித்து, நேர் மேலிருந்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாயால் எண்ணைச் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ளும் முறை வேண்டவே வேண்டாம். எதெக்வினியின் இ-சர்வீசஸ், ஜோகன்னஸ்பர்க்கின் இ-ஜோபர்க், ஷ்வானேயின் இ-ஷ்வானே போன்ற தளங்களில் பதிவு செய்துகொண்டால் பில்லைத் திரையிலேயே பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு முறை கட்டுபவர் அடுத்தவர் கணக்கை அங்கே பதிவு செய்வது தேவையில்லாத வேலை.

பில்லில் எண்கள் குவிந்து கிடக்கும்: கணக்கு எண், மீட்டர் எண், இன்வாய்ஸ் எண், மனை எண், ஈஸிபே எண். வங்கி வழியாகக் கட்டும்போது உங்களுக்கு வேண்டியது கணக்கு எண் மட்டும்தான். பில்லில் 'அக்கவுண்ட் நம்பர்' என்று இருக்கும். மீட்டர் எண் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கருவியுடையது. அதை ரெஃபரன்ஸாகப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஈஸிபே எண் 9-ல் தொடங்கும், நீளமாக இருக்கும், பெரும்பாலும் பார்கோடுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். அது சூப்பர்மார்க்கெட் கவுன்டருக்கும் ஈஸிபே தளத்துக்கும் உரியது. வங்கிப் பரிமாற்றத்தில் அதைப் போடக் கூடாது.

அப்புறம் தொகை. இங்கே அச்சாகும் பில்களில் ஆயிரத்துக்கு இடைவெளியும், சென்ட்டுக்கு முன் கமாவும் வருவதுண்டு. "1 847,35" என்று இருந்தால் அது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ரேண்ட், 35 சென்ட். ஆப்பில் தட்டும்போது புள்ளியா கமாவா என்று திரையைப் பார்த்துத் தட்டுங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனால் நூறு மடங்கு ஆகிவிடும். அவ்வளவு பணம் கணக்கில் இல்லாமல் வங்கி மறுத்தால் பிழைத்தோம். இருந்துவிட்டால் திரும்ப வாங்குவது நீண்ட பஞ்சாயத்து.

மொத்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். பழைய பாக்கி தனி வரியாக இருக்கும், இந்த மாதக் கட்டணம் தனியாக இருக்கும், 15 சதவீத வாட் வரி தனியாக இருக்கும். மீட்டர் ரீடிங் பக்கத்தில் 'எஸ்டிமேட்' என்று இருந்தால், யாரும் வந்து மீட்டரைப் பார்க்கவில்லை, உத்தேசமாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஜூலையில் தொகை திடீரென்று ஏறியிருந்தால் பதற வேண்டாம். மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது, புதிய கட்டணமும் அன்றுதான் அமலுக்கு வரும். எஸ்காமின் நேரடி வாடிக்கையாளர்களுக்கு இது ஏப்ரல் 1.

இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநகராட்சி பில்லில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், குப்பை, வீட்டு வரி எல்லாம் ஒன்றாக வரும். "தண்ணீர்க் கணக்கில் தகராறு இருக்கிறது, அதை அப்புறம் பார்ப்போம், லைட்ஸுக்கு மட்டும் கட்டிவிடுகிறேன்" என்று மின்சார வரியில் உள்ள தொகையை மட்டும் அனுப்புவார்கள். அது நடக்காது. 2000-ம் ஆண்டின் மாநகராட்சி அமைப்புகள் சட்டம், 102-வது பிரிவு, ஒருவருடைய கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கவும், அவர் கட்டும் பணத்தை அதில் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கவும் மாநகராட்சிக்கு அதிகாரம் தருகிறது. நீங்கள் மின்சாரத்துக்கு என்று நினைத்து அனுப்பிய பணம் பழைய தண்ணீர் பாக்கிக்குப் போய்விடலாம். லைட்ஸ் துண்டிப்பு நோட்டீஸ் அப்படியே நிற்கும். அதே பிரிவு ஒரு விதிவிலக்கும் தருகிறது: குறிப்பிட்ட ஒரு தொகையைப் பற்றித் தகராறு எழுப்பியிருந்தால் அந்தத் தொகைக்கு இது பொருந்தாது. எனவே பகுதித் தொகைதான் கட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் எழுத்தில் புகார் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு பணம் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "பெரியம்மா, பேங்க்ல டெபிட் ஆர்டர் ஏதும் போட்டிருக்கீங்களா?" மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு அது. போட்டிருந்தால் பணம் இரண்டு முறை போகும். தொலைந்து போகாது, அடுத்த பில்லில் வரவாக நிற்கும். ஆனால் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அந்த மாதம் கையைக் கடிக்கும்.

மூன்றாவது படி: வங்கி ஆப்பில் ஒன்ஸ்-ஆஃப் பேமென்ட்

நாலு வழிகள் இருக்கின்றன: வங்கி ஆப் அல்லது இன்டர்நெட் பேங்கிங், கார்டு ஏற்கும் பில் தளங்கள், சூப்பர்மார்க்கெட் கவுன்டர், மாநகராட்சி அலுவலகம். என் தீர்ப்பு வங்கி ஆப்புக்குத்தான். கார்டு எண்ணை வெளியே எங்கும் கொடுக்க வேண்டியதில்லை, ஆதாரமும் உடனே கையில் கிடைக்கும்.

எஃப்.என்.பி., ஸ்டாண்டர்ட் பேங்க், அப்சா, நெட்பேங்க், கேப்பிடெக் எதுவானாலும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். பொத்தானின் பெயரும் இடமும் மட்டும் மாறும். ஆப்பைத் திறந்து 'பே' பகுதிக்குப் போனால், சேமித்து வைத்த பெனிஃபிஷியரிக்கு, அதாவது பணம் பெறுபவருக்குக் கட்டுவதா, புதிதாகச் சேர்ப்பதா, ஒரே ஒரு தடவைக்கான ஒன்ஸ்-ஆஃப் முறையா என்று கேட்கும். ஒன்ஸ்-ஆஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் பெரியம்மாவின் கணக்கு உங்கள் பட்டியலில் தங்காது. இதன் அருமை ஆறு மாதம் கழித்துத் தெரியும்: உங்கள் சொந்த பில்லைக் கட்டும்போது பட்டியலில் ஒரே மாநகராட்சி பெயர் இரண்டு தடவை இருந்து, அவசரத்தில் மாற்றித் தொட்டுவிடும் ஆபத்து இருக்காது.

அடுத்து யாருக்கு என்று கேட்கும்போது, வங்கிக் கணக்கு எண்ணை நீங்களாகத் தட்டாதீர்கள். பெரிய நிறுவனங்கள், மாநகராட்சிகள், எஸ்காம் ஆகியவற்றை வங்கியே சரிபார்த்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. பப்ளிக் பெனிஃபிஷியரி, பேங்க்-லிஸ்டட் என்று வங்கிக்கு வங்கி பெயர் வேறுபடும். தேடல் கட்டத்தில் மாநகராட்சியின் பெயரைத் தட்டுங்கள். எதெக்வினி என்று தேடி வரவில்லையென்றால் டர்பன் என்று தேடிப் பாருங்கள். ஒரே மாநகராட்சிக்கு வீட்டு வரி, அபராதம், பொதுக் கணக்கு என்று பல வரிகள் வந்தால், பில்லின் பின்பக்கம் அல்லது அடிப்பகுதியில் பணம் செலுத்தும் முறை பற்றிய குறிப்பைப் பாருங்கள்; எந்தப் பெயரைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது அங்கே இருக்கும்.

பட்டியல் ஏன் முக்கியம் என்றால், வழக்கமான வங்கிப் பரிமாற்றத்தில் பணம் கணக்கு எண்ணை மட்டுமே பின்பற்றிப் போகிறது. பெயர்க் கட்டத்தில் நீங்கள் மாநகராட்சி என்று எழுதினாலும், எண் வேறு யாருடையதாக இருந்தால் பணம் அந்த வேறு யாருக்குத்தான் போகும்.

இப்போது இரண்டு ரெஃபரன்ஸ் கட்டங்கள் வரும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒன்று 'மை ரெஃபரன்ஸ்': உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தெரியப்போவது. அதில் "பெரியம்மா லைட்ஸ் மார்ச்" என்று ஆங்கில எழுத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று பெறுபவருடைய ரெஃபரன்ஸ்: மாநகராட்சி பார்க்கப்போவது. அதில் பில்லில் உள்ள கணக்கு எண் மட்டும், முன்னால் பின்னால் எந்தச் சொல்லும் இல்லாமல், இடைவெளி இல்லாமல் வர வேண்டும். பெயர், வீட்டு முகவரி, 'எலக்ட்ரிசிட்டி' என்ற விளக்கம் எதுவும் வேண்டாம். அந்தக் கட்டத்தைப் படிப்பது பெரும்பாலும் மனிதர் அல்ல, கம்ப்யூட்டர். இரண்டு கட்டத்தையும் மாற்றிப் போட்டால் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் கணக்கு எண் அழகாக இருக்கும். மாநகராட்சிக்கு "பெரியம்மா லைட்ஸ் மார்ச்" போய்ச் சேரும்.

எண்ணைத் தட்டியபின் சரிபார்க்க ஒரு முறை: கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாகப் பில்லோடு ஒப்பிடுங்கள். முன்னிருந்து படித்தால் கண் தானாகவே தெரிந்த எண்ணைப் படித்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர் படிக்க, நீங்கள் பார்ப்பது இன்னும் நல்லது.

தொகை, தேதி, எந்தக் கணக்கிலிருந்து என்பவற்றை நிரப்புங்கள். தேதி 'இன்று' என்று இருக்கிறதா, 'ரிப்பீட்' என்ற குறி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில ஆப்களில் ஒரு தொடுதலில் இது மாதாந்திரக் கட்டணமாகிவிடும். பேமென்ட் நோட்டிஃபிகேஷன் என்ற இடத்தில் பெரியம்மாவின் செல் எண்ணைக் கொடுத்தால் அவருக்கும் குறுஞ்செய்தி போகும். சில வங்கிகள் இதற்குச் சிறு கட்டணம் வாங்கும். அப்புறம் வரும் உறுதிப்படுத்தும் திரையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள். திருத்தம் செய்ய இதுவே கடைசி இடம். ஒப்புதல் கொடுத்ததும் போனிலேயே கேட்கும் உறுதிக் குறியையோ ஓ.டி.பி.யையோ தந்தால் பணம் கிளம்பிவிடும்.

மறுத்தால் பெரும்பாலும் காரணம் தினசரி வரம்பு. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நாளில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஆப்பின் அமைப்புகளில் அதை ஏற்றிக்கொண்டு, கட்டி முடித்ததும் பழையபடி இறக்கிவிடுங்கள்.

பாதியில் நெட் அறுந்தாலோ, லோட்ஷெடிங்கில் டவரும் சேர்ந்து படுத்தாலோ, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆதாரத்தை எடுத்து வைப்பது

இங்கே எல்லோரும் 'பி.ஓ.பி. அனுப்பு' என்பார்கள்; பணம் செலுத்தியதற்கான ஆதாரச் சீட்டு. கட்டி முடித்த திரையிலிருந்தே பி.டி.எஃப். ஆகப் பதிவிறக்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டை அலுவலகங்கள் மதிப்பதில்லை, பி.டி.எஃப்.பில் தேதி, தொகை, பெறுபவர் ரெஃபரன்ஸ் எல்லாம் இருக்கும். வங்கியின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கும் குறியீடும் பலவற்றில் வரும். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று பெரியம்மாவின் வாட்ஸ்அப்பில். ஒன்ஸ்-ஆஃப் முறையில் பெனிஃபிஷியரி சேமிக்கப்படாததால், பிறகு தேட வேண்டுமானால் ஸ்டேட்மென்ட்டில்தான் தேட வேண்டும். அப்போது 'மை ரெஃபரன்ஸ்' கட்டத்தில் நீங்கள் எழுதிய சொல் கைகொடுக்கும்.

எந்தத் தேதியில் கட்டுவது?

கெடு தேதி என்பது பணம் மாநகராட்சிக்குச் சேர வேண்டிய தேதி. நீங்கள் பொத்தானை அழுத்தும் தேதி அல்ல. இரண்டு பேருக்கும் ஒரே வங்கி என்றால் சீக்கிரம் சேரும். வேறு வங்கி என்றால் சாதாரணப் பரிமாற்றத்துக்கு ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும். அதன்பின் மாநகராட்சி அதை உரிய கணக்கில் பதிய இன்னும் நேரம் பிடிக்கும். மூன்று வேலை நாள் முன்னதாகக் கட்டினால் நிம்மதி.

வேலை நாள் என்பதை எண்ணும்போது விடுமுறைகளைப் பாருங்கள். மாட்டிக்கொள்ளும் வாரம் ஈஸ்டர். குட் ஃப்ரைடே அன்று நம்மில் பாதிப் பேர் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவில் இருப்போம். அன்று அரசு விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கள்கிழமை குடும்ப தினம், அதுவும் விடுமுறை. வியாழன் மாலை அனுப்பிய பணம் அடுத்த வங்கிக்குச் செவ்வாய் அல்லது புதனில்தான் தெரியலாம். டிசம்பரில் 16, 25, 26 மூன்றும் விடுமுறை. ஒரு விடுமுறை ஞாயிறன்று வந்தால் அதற்கடுத்த திங்களும் விடுமுறையாகிவிடும். தீபாவளி இங்கே பொது விடுமுறை அல்ல. வங்கி வழக்கம்போல் வேலை செய்யும்.

கெடு நாளைதான் என்றால் 'இம்மீடியட் பேமென்ட்' என்ற வசதி இருக்கிறது. கூடுதல் கட்டணம் உண்டு, ஆனால் பணம் உடனே போகும். வீட்டுக்காரருக்குக் கட்டுபவர்கள் 2023 மார்ச்சில் வந்த பேஷாப் முறையைப் பயன்படுத்தலாம். அவருடைய செல் எண் அதில் பதிவாகியிருந்தால் அதுவே போதும்.

கார்டும் கவுன்டரும்

வங்கி ஆப் இல்லாதவர்கள் ஈஸிபே போன்ற பில் தளத்தில் கார்டு வழியாகக் கட்டலாம். அங்கே ஈஸிபே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். கார்டு விவரம் கேட்கும் இடத்தில் 'சேமித்து வை' என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெரியம்மாவே நடந்துபோய்க் கட்டுவதாக இருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் கவுன்டருக்குப் போனால் பார்கோடை ஸ்கேன் செய்து ரொக்கமாக வாங்கிக்கொள்வார்கள். தட்டச்சுப் பிழைக்கே இடமில்லாத வழி இது. செக் எழுதிக் கொடுக்கலாமா என்று இன்னும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு தென்னாப்பிரிக்க வங்கிகள் செக்கை ஏற்பதில்லை.

பிரீபெய்ட் மீட்டர் என்றால்

பிரீபெய்டில் பில்லே கிடையாது. யூனிட்டை முன்கூட்டி வாங்குகிறீர்கள். வங்கி ஆப்பில் 'பே' பகுதிக்குப் போகாமல், ஏர்டைம், டேட்டா விற்கும் 'பை' பகுதிக்குப் போக வேண்டும். அங்கே எலக்ட்ரிசிட்டி என்று இருக்கும். இங்கே மட்டும் கேட்பது மீட்டர் எண். பெரும்பாலும் 11 இலக்கம். மீட்டரின் மேலோ பழைய டோக்கன் சீட்டிலோ இருக்கும். தொகையைக் கொடுத்து வாங்கியதும் 20 இலக்க டோக்கன் வரும். அதை மீட்டரின் கீபேடில் தட்டினால் யூனிட் ஏறும். தூரத்திலிருந்து வாங்கித் தருபவர், டோக்கனை நாலு நாலு இலக்கமாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரியவர்களுக்குத் தட்ட வசதி.

டோக்கன் அந்த ஒரு மீட்டருக்கென்றே பூட்டப்பட்டது. வேறு மீட்டரில் வேலை செய்யாது. மீட்டர் எண்ணில் ஒரு இலக்கம் மாறி, அது வேறு யாருடைய எண்ணாகவோ அமைந்துவிட்டால், உங்கள் பணத்தில் வாங்கிய டோக்கன் உங்களுக்குப் பயன்படாது. ஆப் பெயரோ முகவரியோ காட்டினால் வாங்கும் முன் படியுங்கள். காட்டாவிட்டால் முதல் முறை சிறு தொகைக்கு வாங்கி, மீட்டரில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

கொடுத்த பணத்துக்கு யூனிட் குறைவாக வந்திருக்கிறதே என்று சண்டை போடும் முன் சீட்டைப் பாருங்கள். பழைய பாக்கி இருந்தால் சில மாநகராட்சிகள் வாங்கும் தொகையிலிருந்தே ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். ஜோகன்னஸ்பர்க்கில் சிட்டி பவர் 2024 ஜூலையில் பிரீபெய்ட் வீடுகளுக்கும் மாதாந்திர நிலைக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அப்போது அது வரி சேர்த்து 230 ரேண்ட். சில நகரங்களில் ஒரே மாதத்தில் அதிகம் வாங்க வாங்க யூனிட் விலை ஏறும் அடுக்கு முறையும் உண்டு. அங்கெல்லாம், உதவி செய்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக வாங்கித் தருவது நஷ்டம்.

பூட்டிக் கிடந்த வீட்டின் மீட்டருக்கு வாங்குகிறீர்களா? இந்த மீட்டர்களின் டோக்கன் முறை 1993 ஜனவரி 1-லிருந்து நிமிடங்களை எண்ணி வந்தது. அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் 2024 நவம்பர் 24-ல் நிரம்பிவிட்டது. அதற்கு முன்பே ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு 20 இலக்கச் சிறப்பு எண்களைத் தட்டிப் புதுப்பித்திருக்க வேண்டும். தாத்தாவின் பழைய வீடு அப்போது பூட்டிக் கிடந்திருந்தால் மீட்டர் புதிய டோக்கனை ஏற்காது. மாநகராட்சியிடம் கேட்டு அதைச் சரிசெய்த பிறகு பணம் போடுங்கள்.

மோசடிக்காரர்கள்

"இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த லிங்க்கில் உடனே கட்டவும்" என்று செய்தி வந்தால் அதைத் தொடாதீர்கள். மாநகராட்சியின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண் இது என்று இமெயில் வந்தாலும் அப்படியே. வங்கிப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் இந்த வலையில் விழ வாய்ப்பே இல்லை. தளத்தைத் திறப்பதாக இருந்தால் முகவரியை நீங்களே தட்டுங்கள். எதெக்வினியின் அதிகாரப்பூர்வ முகவரி 'டர்பன் டாட் கவ் டாட் இசட்-ஏ' என்று முடியும். வங்கியிலிருந்து பேசுகிறேன், தவறாகப் போன பணத்தைத் திருப்புகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். தமிழில் பேசினால் கூட.

ரெஃபரன்ஸ் தவறிப் போனால்

பணம் போன பிறகு தவறைக் கண்டுபிடித்தால், அதே தொகையை மறுபடி அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். பெறுபவரின் சம்மதம் இல்லாமல் வங்கியால் பணத்தைத் திருப்ப முடியாது. ஆனால் மாநகராட்சியின் கணக்குக்குத்தான் போயிருக்கிறது, ரெஃபரன்ஸ்தான் தவறு என்றால், பணம் எங்கும் போய்விடவில்லை. எந்தக் கணக்கிலும் சேராமல் தனியாகக் கிடக்கும். வேறு ஒருவருடைய கணக்கு எண்ணாக அமைந்துவிட்டால் மட்டும் இன்னும் இழுக்கும்.

வங்கி ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையின் பி.ஓ.பி.யை மறுபடி எடுங்கள். பெரியம்மாவின் பில், அடையாள அட்டைப் பிரதி, உங்கள் அடையாள அட்டைப் பிரதி, பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட் பக்கம் ஆகியவற்றைச் சேர்த்து, "இந்தத் தேதியில் இந்த ரெஃபரன்ஸில் வந்த இந்தத் தொகையை இந்தக் கணக்குக்கு மாற்றவும்" என்று ஒரு வரிக் கடிதம் எழுதுங்கள். எதெக்வினி என்றால் சிசகாலா வாடிக்கையாளர் மையம் ஒன்றுக்கு நேரில் போவது இமெயிலைவிட நல்லது என்பது என் எண்ணம். முடிந்தால் கணக்குதாரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், வரிசை நீளும். கவுன்டரில் புகார் எண்ணை வாங்காமல் எழுந்து வர வேண்டாம். துண்டிப்பு நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் அதையும் காட்டி, மாற்றம் முடியும்வரை நிறுத்தி வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அடுத்த பில்லில் வரவு வரியில் உங்கள் தொகை அச்சாகி வரும்வரை எல்லாக் காகிதங்களையும் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள்.